மேடையில் இரண்டு வாம்பேட்

திருட்டுப் போன பொருள் ஐந்தடி நீளம், தொண்ணூறு கிலோ. திருடியது ஒரு வாம்பேட், கரடிக்குட்டி மாதிரி குண்டாக இருக்கும் ஆஸ்திரேலிய மிருகம். நேரில் பார்த்த சாட்சிகள் முந்நூற்று நாற்பது பேர். அதில் முக்கால்வாசிப் பேருக்கு இன்னும் பால் பல் விழவில்லை.

"எல்லாரும் கை தட்டியிருக்காங்க பாஸ்," என்றேன். "நம்ம சர்வீஸ்ல திருடனுக்குக் கைதட்டல் கிடைச்ச முதல் கேஸ் இதுதான்."

என் பாஸ் ரோவீனா ட்ராஸ்க், தனியார் துப்பறிவாளர். ஆஸ்திரேலியாவில், நியூகாசில் துறைமுக சிம்பொனி என்ற வாத்தியக் குழுவின் மேலாளர் டெஸ்மண்ட் ஹாலரனின் அறையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த இந்த வருடத்துக் கச்சேரிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். என் பாஸுக்கு வயது ஐம்பத்திரண்டு, உடம்பு ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

பட்டியல் பெரிசு. ஜனவரியில் கடற்கரையில் இலவசக் கச்சேரி. பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடனத்தோடு ஒன்று. ஏப்ரலில் சினிமா இசை, டிராம்போன்காரர்கள் அத்தனை பேரும் விண்வெளி ஹெல்மெட்டில். மே மாதம் சுரங்கத் தொழிலாளர் பாட்டு. இன்று, வெள்ளிக்கிழமை, காலையில் குழந்தைகளுக்கான வாம்பேட் கச்சேரி. குண்டு வாம்பேட் வேஷம் போட்ட ஒரு நடிகர் மேடையில் குட்டிக்கரணம் போடுவார், பின்னால் வாத்தியங்கள் முழங்கும். இரவு ஏழரைக்கு எங்கள் டோங்கா தீவு ஜனத்தின் தேவாலயத்துப் பாடகர்களும் சிம்பொனியும் சேர்ந்து ஒரு புதுப் படைப்பு. அதற்காக எங்கள் தேவாலயம் இரவல் கொடுத்த லாலியைத்தான் காலைக் கச்சேரி நடக்கும்போதே எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். லாலி என்றால் அடிமரத்தைக் குடைந்து செய்த முரசு. ஞாயிற்றுக்கிழமை அது முழங்கினால்தான் எங்கள் ஜனம் படுக்கையை விட்டு எழும்.

"எல்லாக் கலாச்சாரத்துக்கும் இந்த மேடை சொந்தம்னு நான் நாயா அலைஞ்சு இந்த சீசனை உண்டாக்கினேன்," என்றார் டெஸ்மண்ட். நல்ல கோட்டு, நல்ல குரல், தன் குரல் தனக்கே பிடித்த மனிதர். "அது பொறுக்காத ஆளு ஒண்ணு உள்ளேயே இருக்கு. ஆக்னெஸ் டால்மி. வயோலா வாசிக்கறவங்க. முப்பத்தொரு வருஷமா இங்கதான் இருக்காங்க. புதன்கிழமை ஒத்திகையில அந்த முரசை வெச்சு எல்லார் முன்னாடியும் எங்கிட்ட சண்டை போட்டாங்க. இன்னிக்கிக் காலையில அவங்களுக்கு வாசிப்பு கிடையாது, ஆனா கட்டடத்துக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தாங்க."

"அவங்க என்ன சொல்லி சண்டை போட்டாங்க?" என்றார் பாஸ்.

"அதெல்லாம் எதுக்கு? நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. வேலையை விட்டு எடுக்கற கடிதம் ரெடி. உங்ககிட்ட கேக்கறது முரசு எங்கேன்னு மட்டும்தான். அது இல்லேன்னா பாடகர் குழு மேடை ஏறாது."

"திருடன் ரெடி, தண்டனை ரெடி," என்றேன். "எங்களுக்கு சாமான் தூக்கற வேலை மட்டும்தான் பாக்கி."

டெஸ்மண்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். நூற்றுப் பத்து கிலோ டோங்காக்காரனை அப்படிப் பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும்.

அப்போது மணி பன்னிரண்டரை.

காலைக் கச்சேரியை ஒரு தாய் தன் போனில் படம் எடுத்திருந்தாள். அதை பாஸ் நான்கு முறை ஓடவிட்டார். மேடை முன்னால் நடிகர் வாம்பேட் துள்ளுகிறது. பின்னால், ட்யூபாக்காரருக்கும் பின்னால், இரண்டாவது வாம்பேட் ஒன்று துணி போர்த்திய நீளமான எதையோ ட்ராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சாமான் அறை மேடைக்கு இடது பக்கம், லாரி வந்து நிற்கும் வாசல் வலது பக்கம். நடுவே வேறு வழி இல்லை. அதனால் திருடன் சாமான் அறையில் தொங்கிய உபரி வேஷத்தைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், ஒரு முழு சிம்பொனிக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறான். அந்தத் துணிச்சலுக்கு நானும் மனசுக்குள் ஒரு தடவை கை தட்டினேன்.

"இதுல என்ன கேக்குது பெனி?"

"வாத்தியம். நடுநடுவுல குழந்தைங்க கத்தறது."

"என்ன கேக்கலை?"

தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினேன். பாஸ் வராந்தாவில் நின்ற அதே ட்ராலியைக் காட்டினார். போய்த் தள்ளினேன். பூனை வாலை மிதித்தமாதிரி அது கிறீச்சிட்டது. மார்ச்சிலிருந்தே அப்படித்தான், எண்ணெய் போட ஆள் இல்லை என்றார் வாசல் காவலாளி.

"படத்துல ஒரு தடவைகூட கிறீச் கேக்கல," என்றார் பாஸ். "ஏன்னா வாம்பேட் பெரிய முழக்கம் வர்றப்ப மட்டும்தான் நகருது. மெதுவா வாசிக்கறப்ப சிலையா நின்னுடுது. அதோட, முழக்கம் வர்றதுக்கு முந்தியே கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோகுது, பாத்தியா?"

"மோப்ப சக்தியா?"

"எண்ணுது. இடது கை உறையைக் கழட்டியிருக்கு பாரு. சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். ஆவர்த்தனத்துக்கு ஒரு விரலா மடக்குது."

நான் பார்த்தேன். கை மங்கலாகத் தெரிந்தது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. "சரி, எண்ணுது. அதுல என்ன விசேஷம்?"

பாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். "வயோலா மாதிரி தந்தி வாத்தியம் வாசிக்கறவங்களுக்கு ஓய்வு ஏது? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அறுத்துக்கிட்டே இருக்கணும். அறுபது ஆவர்த்தனம் சும்மா உக்காந்துட்டு, அறுபத்தொண்ணாவதுல சரியா ஊதறவங்கதான் இப்படி விரல் மடக்குவாங்க. அடுத்த ஒத்திகை ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள அந்த வயோலா அம்மாவைப் பாத்துடலாம்."

ஆக்னெஸ் டால்மி துறைமுகத்தைப் பார்த்த படிக்கட்டில், வயோலாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலக்கரிக் கப்பல் ஒன்று இழுவைப் படகுகளோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயது, நேரான முதுகு, ஒரு கால் முட்டியில் கட்டு.

"வயோலாக்காரங்களைக் கிண்டல் பண்ற ஜோக் ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு தம்பி," என்றார் என்னிடம். "எல்லாத்தையும் கேட்டாச்சு. இன்னிக்கி ஒண்ணு கூட ஆனா ஒண்ணும் ஆயிடாது."

பாஸ் நேராகக் கேட்டார். "புதன்கிழமை டெஸ்மண்ட்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அது மேசை இல்லைன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற எதுக்கு? அது ஒண்ணே போதாதா?" கட்டுப் போட்ட முட்டியைத் தடவிக்கொண்டார். "இன்னிக்கி ராத்திரி எனக்குத் தனி வாசிப்பு இருந்துச்சு. பதினாறு ஆவர்த்தனம். எல்லாரும் நிறுத்திடுவாங்க, அந்த லாலியும் நானும் மட்டும். முப்பத்தொரு வருஷத்துல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். அதை நானே திருடி ஒளிச்சு வெச்சேனாம். என்னால இந்த முட்டியோட ஒரு பால் டப்பாவைக்கூட மாடிக்குக் கொண்டுபோக முடியாது."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது டிராம்போன்காரருக்கு அன்று முதுகுப் பிடிப்பு. ஊதுகிறதில் நான் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. எங்கள் தேவாலய பேண்டில் பன்னிரண்டு வருடம் ஊதியவன். பாஸ் இசை நடத்துனரிடம் என்ன சொன்னாரோ, இரண்டு மணிக்கு என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். லாலி வாசிப்பு வருகிற இடத்தில் மட்டும் மௌனம் விட்டு ஒத்திகை நடந்தது.

"யார் மூஞ்சியையும் பாக்காதே," என்று பாஸ் காதில் சொல்லியிருந்தார். "விரலைப் பாரு. எந்த விரல்ல ஆரம்பிக்கறாங்கன்னு பாரு." அவர் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் வரிசைக்கு அறுபத்துநாலு ஆவர்த்தனம் ஓய்வு வந்தது. நானும் எண்ணிக்கொண்டே கண்ணை ஓட்டினேன். ட்யூபாக்காரர் வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டுக் கட்டை விரலில் ஆரம்பித்தார். முதல் டிராம்போன் ஷூவுக்குள் கால் விரலை ஆட்டினார். இரண்டாவது டிராம்போன் எண்ணவே இல்லை, முதல் டிராம்போன் வாத்தியத்தைத் தூக்கும்போது தானும் தூக்கிக்கொண்டார். இத்தனை வருடம் அந்த ஆள் இப்படித்தான் பிழைத்திருக்கிறார். ட்ரம்பெட்காரி ஆள்காட்டி விரலால் தொடையில் தட்டினாள். பெரிய முரசு அடிப்பவர் மீன்பிடிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஆனால் அடிக்க வேண்டிய இடத்தில் தலை நிமிராமல் அடித்தார், சரியாகவும் அடித்தார்.

இடைவேளையில் பாஸிடம் போய்க் கையை விரித்தேன்.

"சுண்டு விரல்ல ஆரம்பிக்கறவங்க ஒருத்தர்கூட இல்ல பாஸ். கேஸ் புட்டுக்கிச்சு."

"ஒருத்தர் இருந்தாங்க."

"யாரு?"

"மூணாவது டிராம்போன்."

சிரித்தேன். "பாஸ், மூணாவது டிராம்போன் நான்தான்."

"ஆமா," என்றார் ரோவீனா ட்ராஸ்க்.

நான் என் இடது கையைப் பார்த்தேன். சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் பாதி மடங்கியே இருந்தன.

"காலையில நான் உங்ககூட ஆபீஸ்லதானே இருந்தேன்."

"தெரியும். எனக்கு வெச்சிருந்த பன்னைத் தின்னுக்கிட்டு இருந்தே. உனக்கு இப்படி எண்ண யார் சொல்லிக் கொடுத்தாங்க பெனி?"

எங்கள் பேண்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள்தான். ஆராதனை நடுவே வாத்தியத்தைக் கீழே இறக்கினால் முதுகில் ஒன்று வைப்பார். கட்டை விரல் வாத்தியத்தைத் தாங்க வேண்டும், அதனால் சுண்டு விரலில் ஆரம்பி என்பது அவர் போட்ட சட்டம். கல்யாண விருந்துக்கு வேகவைத்த முழுப் பன்றியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர். பாடகர் குழுவின் தலைவி. என் அப்பாவின் அக்கா.

எங்களில் அப்பா கூடப் பிறந்த அத்தைதான் குடும்பத்துக்கு மேல் தலை. அவர் உட்கார்ந்திருக்கும்போது என் அப்பாவே குனிந்துதான் குறுக்கே போவார். அந்த அத்தையைத் திருடி என்று நான் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

"கலோ அத்தை," என்றேன் கடைசியில். "ஆனா ஏன் பாஸ்? தேவாலயத்துல பேசி லாலியைக் கொடுக்க வெச்சதே அவங்கதான்."

பாஸ் என்னை வராந்தா அறிவிப்புப் பலகைக்கு முன் நிறுத்தினார். புதன்கிழமை ஒத்திகையின் வண்ணப்படம் அங்கே இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மரியாதையின் மேடை'. டெஸ்மண்ட் கையை விரித்துச் சொற்பொழிவு செய்கிறார். சுற்றிலும் எங்கள் ஜனம். நடுவில் லாலி. லாலியின் மேல் இரண்டு காபிக் கோப்பை, பாதி கடித்த, கறி அடைத்த மீட் பை, சொட்டிய தக்காளி சாஸ்.

"மீட் பை யாரோடது?" என்றேன்.

"அவர் வாயோரத்தைப் பாரு."

வாயோரத்திலும் சாஸ். எத்தனை தடவை அந்தப் படத்தைத் தாண்டிப் போயிருப்பேன். இரண்டாம் வரிசையில் கலோ அத்தை நின்று அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தை சிரிக்கறாங்களே."

"அந்தச் சிரிப்பைப் பாத்தா எங்க அப்பா வண்டியை எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் வெளியூர் போயிடுவாரு பாஸ்."

மூன்றேகாலுக்கு மேஃபீல்டில் எங்கள் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். லாலி எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. முப்பது வருடமாக நிற்கிற அதே இடத்தில், தேங்காய் எண்ணெய் பூசி மினுமினுவென்று நின்றது. தொலைந்த சாமானை அதன் வீட்டில் போய்த் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பக்கத்தில் கலோ அத்தை, எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் குனிந்து போய்த் தரையில் உட்கார்ந்தேன். பாஸும் யாரும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்காகவே அவருக்கு ஒரு பன் பாக்கெட் வாங்கித் தரலாம்.

"வாடா," என்றார் அத்தை. "மதியம் சாப்டியா?"

"அத்தை, நீங்க லாலியைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"எங்க வீட்டு சாமானை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுல உனக்கு என்ன?"

"திருப்பிக் கொடுங்கன்னு கேட்டிருக்கலாமே."

"கொடுத்த இரவலைத் திருப்பிக் கேக்கறது அசிங்கம்டா. விருந்தாளியா போன இடத்துல அவன் தின்ன எச்சிலைச் சுட்டிக் காட்டறது அதைவிட அசிங்கம். கலோலைனேன்னு பேர் வெச்ச என்னால அதைச் செய்ய முடியாது." அத்தை ஓலை விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். "வாம்பேட் செய்யலாம்."

பாஸ் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோளிலேயே தெரிந்தது.

"அந்தப் பாட்டு எப்படி உங்களுக்கு மனப்பாடம்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை பூரா எங்களை ஓரமா உக்கார வெச்சுட்டு அந்த வாம்பேட் பாட்டைத்தான் ஒத்திகை பாத்தாங்க. எத்தனாவது எண்ணிக்கையில இடி விழும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அத்தை," என்றேன். "அந்தப் பழி வேற ஒருத்தர் மேல விழுந்திருக்கு. நாலு மணிக்கு அவங்க வேலை போகப்போகுது. முட்டியில கட்டுப் போட்ட வயோலா அம்மா."

"அவளா? நல்லா வேணும். புதன்கிழமை லாலியைக் கையைக் காட்டிக் காட்டி அவ சத்தம் போட்டதை நான்தான் தூரத்துல இருந்து பாத்தேனே. நம்ம சாமி முரசு அவளுக்குக் கண்ணுல குத்துது."

"அது மேசை இல்லைன்னு அந்த மேலாளர்கிட்ட சத்தம் போட்டிருக்காங்க அத்தை. அங்க இருந்த எண்பது பேர்ல அதைச் சொன்னது அவங்க ஒருத்தர்தான்."

விசிறி நின்றது. அத்தை என் முகத்தைப் பார்த்தார், பாஸின் முகத்தைப் பார்த்தார். பொய் இல்லை என்று தெரிந்ததும் எழுந்தார்.

"வேனை வாசல்ல கொண்டா," என்றார். "கிளம்பு, வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதே."

நாலு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. ஆக்னெஸைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுப்பதற்கு டெஸ்மண்ட் மேடையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். மொத்த வாத்தியக் குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் லாலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தோம்.

"கிடைச்சிருச்சா?" டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. "எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?"

அத்தை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக ஆக்னெஸின் முன்னால் போய், மேடைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் வாழ்நாளில் என் அத்தை யாருக்கும் கீழே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வாம்பேட் நான்தான்," என்றார். "நீங்க எங்களுக்காகப் பேசினீங்க. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். என் பழியை நீங்க சுமந்தீங்க. என்னை மன்னிக்கணும்."

"இந்தம்மாவா?" என்றார் டெஸ்மண்ட். "இது திருட்டு. போலீஸைக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க," என்றார் பாஸ். "தன் முரசைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோன குற்றம்னு புகார் எழுதுங்க. அந்த வாம்பேட் உடையைக் காலையிலேயே எடுத்த கொக்கியில திரும்ப மாட்டியாச்சு. ஆதாரத்துக்கு வராந்தாவுல இருக்கற படத்தையும் சேத்துக்கொடுங்க. அதுல மேசை எது, மீட் பை யாரோடதுன்னு நிர்வாகக் குழுவுக்கும் தெளிவா தெரியும்."

மீன்பிடிப் பத்திரிகைக்காரர் முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். யாரோ பின் வரிசையில் மெதுவாகச் சிரித்தார்கள். டெஸ்மண்ட் கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் தள்ளினார்.

ஆக்னெஸுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தன்முன் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து தலை குனிந்திருக்கிறாள், தான் நாற்காலியில் இருக்கிறோம் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வயோலாவைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி, முனகிக்கொண்டே அவரும் கீழே உட்கார்ந்தார்.

"மன்னிச்சாச்சு," என்றார். "தலையைத் தூக்குங்க. இப்ப என்னை எழுப்பி விடறது உங்க பொறுப்பு. என்னால தனியா முடியாது."

அத்தை நிமிர்ந்தார். கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பன்றியைத் தூக்குகிற கையால் ஆக்னெஸைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

"அப்ப ராத்திரி பாடகர் குழு மேடை ஏறுமா?" என்றார் டெஸ்மண்ட்.

"இந்தம்மா வாசிச்சா ஏறும்," என்றார் அத்தை. "லாலியை நான் அடிப்பேன். அவங்களைக் கேளுங்க."

டெஸ்மண்ட் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எண்பது பேரைப் பார்த்தார். வேறு வழி இல்லை.

"ஆக்னெஸ்," என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என் மேலதான். ராத்திரி வாசிப்பீங்களா?"

ஆக்னெஸ் அவரை நிறுத்தி வைத்து நிதானமாகப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அம்மாவை யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. அதை அவசரமாக முடிக்க அவருக்கு மனசில்லை.

"யோசிச்சு சொல்றேன் டெஸ்மண்ட்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஆளிடமிருந்து வயோலாவை வாங்கித் தோளில் வைத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்.